வாண்டுவின் இரண்டு படங்கள்

பட்டாணிக்குப் பதினோரு வயது. அவளுடைய அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அவள் அங்கேதான் இருப்பாள். அச்சாகி வரும் படங்களை வெட்டி உறையில் போடுவது அவள் வேலை.

படம் எடுத்ததும் அப்பா கணினியில் முகத்தை வெளுப்பாக்கி, வழவழப்பாக்கிவிடுவார். யாரும் கேட்க வேண்டியதில்லை. கை தானாகப் போய்விடும். கறுப்பாக வந்துவிட்டதென்று பலர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில் ஏற்பட்ட பழக்கம் அது.

பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவின் மகள் வாண்டு ஒன்றாம் வகுப்பு. பள்ளி அடையாள அட்டைக்காக அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அப்பாவிடம் படம் எடுத்துக்கொண்டபோது அவளும் எடுத்துக்கொண்டாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு, துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். விளையாடக் கூப்பிட்டாலும் வரவில்லை. ஏன் என்று பட்டாணி கேட்டாள்.

"வெயில்ல போனா இன்னும் கறுத்துடுவேன்க்கா. அப்புறம் அட்டையில இருக்கிறது நான் இல்லைன்னு டீச்சர் சொல்லிடுவாங்க."

அந்தப் படத்தை வெட்டி உறையில் போட்டவளே பட்டாணிதான்.

ஸ்டுடியோவுக்கு ஓடினாள். அப்பா மாற்றுவதற்கு முன்பிருந்த படத்தை அச்செடுத்து வந்து, இரண்டையும் வாண்டுவின் மடியில் வைத்தாள். வாண்டு வெளுத்த படத்தைத்தான் எடுத்தாள். அதுதான் அழகாம்.

பட்டாணி வாதாடவில்லை. இரண்டுக்கும் என்னென்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். வாண்டு, மூக்கு படத்தில் முட்டும்படி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வெளுத்த படத்தைக் காட்டினாள்.

"இதுல என் மச்சத்தைக் காணோம்க்கா. அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே எனக்கும் இருக்குமே."

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவர் கன்னத்திலும் அதே இடத்தில் மச்சம் இருந்தது. வாண்டு அம்மாவின் கன்னத்தையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளுத்த படத்தைத் தள்ளி வைத்தாள்.

பட்டாணி அதை அப்பாவிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னாள். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். எல்லோருக்கும் இப்படித்தானே பிடிக்கிறது என்று முணுமுணுத்தார்.

"வாண்டு கேக்கவே இல்லையேப்பா. நாமதான் மாத்தினோம்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாண்டுவின் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரின் படங்களையும் எடுத்தபடியே மறுபடி அச்சிட்டார். பட்டாணி நாற்பது உறைகளையும் நக்கி நக்கி ஒட்டினாள். பசை ருசி இரண்டு நாள் நாக்கை விட்டுப் போகவில்லை.

வாண்டுவின் மாற்றாத படம் ஒன்று இப்போது தையல் மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களிடம், அவர்கள் கேட்காமலேயே, "அது நான்தான்" என்கிறாள் வாண்டு.