பச்சோந்திக் கூண்டில் அழுகண்ணி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்தக் கதையில் கொலையும் கிடையாது, கொள்ளையும் கிடையாது. ஒரு பச்சோந்தி, பூச்சி தின்னும் சில செடிகள், கைநழுவ இருந்த ஒரு வேலை, அவ்வளவுதான். ஆனால் துப்பு அத்தனையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டுத்தான் விடையைச் சொல்வேன். எதையும் முந்தானைக்குள் ஒளித்து வைக்க மாட்டேன்.

அறுபத்து நாலாம் வருஷம், மே மாதக் கடைசி. பம்பாய்க்கு மழை இன்னும் வந்து சேரவில்லை. மாட்டுங்காவில் ஐந்தாறு கட்டடச் சொந்தக்காரர்கள் சேர்ந்து, தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடாமல் பார்த்துக்கொள்ள வானமாமலையைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். காலையெல்லாம் படியேறி இறங்கி, கொட்ட வேண்டிய தண்ணீர்ப் பாத்திரங்களில் குறி போட்டு வருவார். மத்தியானம் தாராவி அறைக்குத் திரும்பி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பார். கையில் தைலம் காயுமுன் யாராவது ஒரு புகாரோடு வாசலில் நிற்பார்கள். காணாமல் போன கோழி முதல் கைமாறிய கடிதம் வரை பலதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் அவருக்கு அலுப்புத்தான் மிச்சம். பெருமையெல்லாம் பக்கத்து அறைக் கோமதிநாயகத்துக்கு. தோல்பை தைக்கிறவர், துப்பு என்று காதில் விழுந்தால் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவருவார்.

அன்று வந்து நின்றவள் சைனப்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுக ஓணானுக்கு விஷம் வச்சாவன்னு சொல்லுதாவ."

அவள் புருஷன் அப்துல் ரவூப் கம்பிவலை பின்னுகிறவர். மாட்டுங்காவில் சுந்தரராமன் என்ற தாவரவியல் பேராசிரியருக்குப் பச்சோந்திக் கூண்டு செய்து கொடுத்து, தினமும் காலையில் ஆறு வெட்டுக்கிளி பிடித்துப் போட்டுப் பச்சோந்தியைக் கவனித்தும் வந்தார். பேராசிரியரின் காலேஜில் பியூன் வேலை ஒன்று காலி. சிபாரிசுக் கடிதம் அன்று ஐந்து மணிக்குள் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். தருகிறேன் என்றிருந்த பேராசிரியர், காலையில் முடியாது என்றுவிட்டார்.

"ஓணான் செத்துட்டுதா?"

"கறுத்துப்போயிக் கெடக்கு. மூச்சு மட்டும் இருக்கு."

"மூச்சு இருக்குன்னா எந்திரிக்கத்தான் வேணும்," என்று பெருமூச்சு விட்டார் வானமாமலை. கோமதிநாயகம் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார்.

கூண்டு பால்கனியில் இருந்தது, ஓர் அலமாரி அளவுக்கு. உள்ளே தொட்டியில் ஒரு நந்தியாவட்டை. அதன் கீழே தட்டுகளில் அழுகண்ணிச் செடிகள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, இலையெல்லாம் சிவந்த ரோமம், ரோமத்தின் நுனியில் பனித்துளி போல ஒரு சொட்டு. உட்கார்ந்த பூச்சி எழுந்திருக்க முடியாது. மேலே ஒரு குடுவைச் செடி தொங்கியது. பூச்சி தின்னும் இந்தச் செடிகள் எல்லாம் நுனி கருகியிருந்தன. பச்சோந்தி தரையில் கிடந்தது, கண் இரண்டும் குழிவிழுந்து.

"செடியைத் தேடிண்டு ஈ வரும். பாதி செடிக்கு, பாதி பச்சோந்திக்கு. நானே யோசிச்சுப் பண்ணின ஏற்பாடு," என்றார் சுந்தரராமன். "இதுகளுக்கு மழைத் தண்ணிதான் ஆகும். போன வருஷத்து மழையை ஜாடியில பிடிச்சு வெச்சிருக்கேன். ரவூப் கண்ட தண்ணியையும் தெளிச்சுச் செடியைக் கருக்கிட்டான். திட்டினேன். அந்த ஆத்திரத்துல விஷ வெட்டுக்கிளியைப் போட்டுட்டான்."

ரவூப் கதவருகில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"செடிதான் ஓணானைத் தின்னப் பாத்திருக்கு அண்ணாச்சி!" என்றார் கோமதிநாயகம்.

"சும்மா இரும்வே. வெட்டுக்கிளி எத்தனை இருக்குன்னு பாரும்."

"வலையில அஞ்சு தத்துது. ஒண்ணு செடியில ஒட்டிக் கெடக்கு."

வானமாமலை குனிந்து பார்த்தார். கூண்டுக்குள் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். மேலே தூசி ஏடாகப் படிந்து, கலையாமல் இருந்தது. கிளையை ஒட்டிய ஓர் அழுகண்ணியில் மட்டும் ரோமங்கள் அமுங்கி, சொட்டு எல்லாம் போயிருந்தது. பூச்சி எதுவும் அதில் இல்லை. பச்சோந்தியின் உதட்டில் பசை இழை ஒன்று. பிறகு வீட்டு வாசல் கதவுக்கு வெளியே, படியோரம் இருந்த ஜாடியின் துணியை விலக்கினார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே விரலகலத்துக்கு ஒரு வெள்ளை வளையம். செடித் தட்டுகளின் விளிம்பிலும் அதே வெள்ளை. ஜாடியின் வெளிப்புறம், பாதி அழிந்த சாக்குக்கட்டிக் குறி ஒன்று. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தவர், படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து வந்து, "குடிக்கிற தண்ணி ஒரு சொம்பு வேணும். வீட்டம்மாவையும் வரச்சொல்லுங்க," என்றார்.

பேராசிரியரின் மனைவி வைதேகி சொம்போடு வந்தாள். ரவூப் உள்ளே வந்து பச்சோந்தியைத் தூக்கிக் கிளையில் வைத்து, நந்தியாவட்டை இலைகளில் தண்ணீரைத் தெளித்தார்.

"விஷம் இல்ல சார்," என்றார் வானமாமலை. "ஆறு வெட்டுக்கிளியில ஒண்ணக்கூட அது தொடல. தின்னாத தீனியில எப்படி விஷம் ஏறும்? இது தாகம்."

"கிண்ணம் நிறையத் தண்ணி இருக்கே!"

"ஏடு கலையவே இல்லயே. மாடி மாடியா ஏறுதவன் நான், மாடிச் செடியில இந்தச் சாதியப் பாத்திருக்கேன். தேங்கின தண்ணி இதுக்குக் கண்ணுல படாது. இலையில சொட்டு மின்னினாத்தான் நக்கும். பாய், தெளிக்கிறத எப்ப நிப்பாட்டினிய?"

"எட்டு நாளாச்சு அண்ணாச்சி. இலையில ஒரு சொட்டுப் படக்கூடாது, கிண்ணத்துல வைன்னு சார் சொன்னாவ."

"எட்டு நாளா கூண்டுக்குள்ள மின்னினது இந்த அழுகண்ணி ஒண்ணுதான். தண்ணின்னு நெனச்சு அதப் போயி நக்கியிருக்கு. பசை உதட்டுல ஒட்டினதுதான் மிச்சம்."

சுந்தரராமன் தொண்டையைச் செருமினார். "செடி கருகினது? அது இவன் தெளிச்ச தண்ணியாலதானே?"

"உங்க ஜாடித் தண்ணியால. மழைத் தண்ணி உப்பு வளையம் போடாது சார். உள்ள இருக்கது கட்டடத்துக் கிணத்துத் தண்ணி." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, மூணு வாரத்துக்கு முந்தி ஜாடியக் கொட்டினது நீங்கதான?"

வைதேகி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான். குறி போட்ட ஜாடியைக் கொட்டலைன்னா அபராதம்னு வாட்ச்மேன் வந்து சொன்னான். இவர் காலேஜுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஜாடியைக் காலியா வெக்கப்படாதேன்னு, பாத்திரம் தேய்க்கற கிணத்துத் தண்ணிக் குழாயிலேர்ந்து ரொப்பி வெச்சேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றார் சுந்தரராமன்.

"செடி கருகினப்போ சொல்ல வந்தேன். நீங்க கத்தின கத்தல்ல வாயே வரல. அப்புறம் ரவூப்பைச் சொன்னேள். நானும் பேசாம இருந்துட்டேன்." அவள் ரவூப்பின் பக்கம் திரும்பவேயில்லை.

கோமதிநாயகம் தொடையைத் தட்டினார். "அப்பம் குறி போட்டவன்தான் மொதக் குத்தவாளி! அவன் எவன்னு பிடிச்சிட்டா..."

வானமாமலை கட்டைவிரலைக் காட்டினார். சாக்குக்கட்டி வெள்ளை அதில் அப்பியிருந்தது.

"நான்தான்வே. இது யாரு தண்ணி, எதுக்கு வச்சிருக்கியன்னு கதவத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். துணி கட்டியிருந்தா கொசு போகாது, கட்டியிருக்கான்னுகூடப் பாக்கல. கால் வலிச்சுது. குறியப் போட்டுட்டு அடுத்த மாடிக்குப் போயிட்டேன்."

கிளையில் பச்சோந்தியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நாக்கை நீட்டி, இலை நுனிச் சொட்டை எடுத்தது. பிறகு இன்னொன்று.

சுந்தரராமன் மேஜைக்குப் போனார். கடிதம் எழுதி முடிக்கையில் மணி நாலு இருபது. அதை நீட்டியபடி, "ரவூப், நான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"நேரமாகுது சார்." ரவூப் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கூண்டுக்கு இனி வேற ஆளப் பாத்துக்கிடுங்க. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, இலை நனையத் தெளிக்கணும். செடித் தட்டை வெளிய எடுத்திருங்க. ரெண்டும் ஒரு கூண்டுல ஒத்து வராது."

"ஒரு வாய் காபி சாப்ட்டுட்டுப் போங்கோ," என்றாள் வைதேகி.

"நேரமில்லம்மா," என்றார் ரவூப். கோபமாகச் சொல்லவில்லை. படியில் அவர் இறங்கி ஓடிய சத்தம் கேட்டது.

கீழே நின்ற சைனப் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத மறக்க மாட்டோம் அண்ணாச்சி."

"மறந்துரு தங்கச்சி. நீ மறந்தாத்தான் நான் தூங்க முடியும்," என்றார் வானமாமலை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கடிதம் போய்ச் சேர்ந்தது. வேலையும் ரவூப்புக்கே கிடைத்தது.

நேரமாகிவிட்டது, போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உழைக்கிற கைக்கு வேலையும், அலுத்து வருகிறவர்களுக்கு நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். நன்றாக இருங்கள், என் செல்லங்களே.