ரோதியோனின் மூச்சில் இருபத்திரண்டு

பீட்டர்ஸ்பர்க். எச்.ஐ.வி. மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடைவழி. ஜன்னலோரம் ரிம்மா. அவளுக்கு இடப்பக்கம் பழைய மாலுமி அர்காதி. எதிரே, மூச்சு அளக்கும் கருவியோடு நர்ஸ் தமாரா. வலப்பக்கம் காலி... புதியவன் ரோதியோன் வந்து உட்காரும்வரை. நர்ஸைத் தவிர எல்லோரும் ஒரே சிகிச்சைக்கு வந்தவர்கள்: புகையையும் குடியையும் சேர்த்து விடவைக்கும் மாத்திரை.

அவன் சூரியகாந்தி விதை கொறிக்க, தோல் அவள் பாவாடையில் விழுந்தது.

"ஏங்க, இதென்ன குப்பைத்தொட்டியா?"

"மன்னிச்சுக்கங்க... சிகரெட் கேக்குற வாய்க்கு லஞ்சம் குடுக்குறேன். உங்களுக்கும் கொஞ்சம்?"

சிரிக்கக் கூடாதென்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தக் கண்கள்... மழை நின்றதும் நேவா நதிக்கு வருமே ஒரு சாம்பல் நிறம்...

சிரித்துவிட்டாள்.

மாத்திரை வாங்க வந்த ஐந்து வியாழக்கிழமைகள் இப்படிப் பேச்சில் கழிந்தன. வேலையிடத்துப் பிறந்தநாள் விருந்தில், அத்தனை பேர் கேலிக்கும் நடுவே தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தானாம். கேட்டு மெய்மறந்து போனாள். எந்த வேலை என்று கேட்கவில்லை. அந்த நடைவழியில் கேளாமையே மரியாதை.

ஆறாம் வியாழன்தான் அவனுக்கு முதல் சோதனை; கருவியில் ஊதினான். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு பத்தைத் தாண்டினால் புகைத்தவர். இருபத்திரண்டு!

"இத்தனை நாளும் பொய்யா சொன்னீங்க?" ரிம்மாவின் நாக்கு முந்திக்கொண்டது.

"நான் சிகரெட் பிடிக்கல." விதைப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, மாத்திரையும் வாங்காமல் போய்விட்டான்.

அடுத்த வியாழன் வரவில்லை. மறுபடி பாட்டிலைத் தொட்டிருப்பானோ... என்னாலேயா என்று வாய்விட்டே புலம்பினாள் ரிம்மா.

"அட பைத்தியக்காரி," என்றார் அர்காதி. "நான் சனிக்கிழமை குளிக்கப் போற வெந்நீர்க்கூடத்துல விறகடுப்பு எரிக்கிறவன்மா அவன்!"

தமாரா தலையிலடித்துக்கொண்டாள். "ஐயோ, விறகுப் புகைக்கும் இந்தக் கருவியில எண் ஏறுமே! நான் கேட்டிருக்கணும்..."

ரிம்மா அங்கேயே எழுதினாள்.

'ரோதியோன், கிருமியை அடக்க மாத்திரை இருக்கிறது. சிகரெட்டை, வோட்காவை அடக்கவும் இருக்கிறது. என் நாக்கை அடக்கத்தான் இல்லை. தப்பு என்னுடையது. நாள் முழுக்கப் புகைக்குள் நின்றுகொண்டே புகைப்பதை விட்டவர் நீங்கள். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது... ரொம்பவே. உங்கள் மாத்திரை தமாராவிடம் காத்திருக்கிறது. நான் ஜன்னலோரம்.'

அவன் விட்டுப்போன விதைகளில் மூன்றை உறைக்குள் போட்டாள். ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டினாள்.

சனிக்கிழமை காலை அந்தக் கடிதம், அர்காதியின் பையில் துண்டுக்கும், குளிக்கையில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டுக்கும் நடுவே, வெந்நீர்க்கூடத்துக்குப் புறப்பட்டது.