இருபத்திரண்டு நிமிடம் தாங்கும்

மின்சாரம் போய் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பேட்டரியின் மிச்சம் 91 சதவிகிதத்திலிருந்து 92 ஆகியிருந்தது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். யு.பி.எஸ்ஸின் சின்னத் திரை, எந்தக் கூச்சமும் இல்லாமல், பச்சை எழுத்தில் அதையே சொன்னது. வரும் மின்சாரம்: 0. மிச்சம்: 92. அடுப்பே மூட்டாமல் பால் பொங்குகிறது என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அளவுமானி பழுது என்று முடிவு செய்தான். இந்த வீட்டில் எது பழுதானாலும் முதலில் அளவுமானியைத்தான் அவன் சந்தேகப்படுவான். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை, கோபம் என்றால் மனைவியை.

பின்பக்கத்தில் இருந்த இந்த அறை ஒரு காலத்தில் உடைந்த நாற்காலிகளுக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது இரும்பு அலமாரியில் ஆறு இயந்திரங்கள் இரவும் பகலும் கணக்குப் போட்டு, கண்ணால் பார்க்க முடியாத கிரிப்டோ காசைத் தோண்டிக்கொண்டிருந்தன. ஏழாவதும் ஒன்று இருந்தது. போன கோடையில் ஒரு நாள் மின்னழுத்தம் நூற்றெழுபதுக்கு இறங்கி, அதே மூச்சில் இருநூற்றெண்பதுக்கு ஏறியபோது அது கருகிப்போனது. மயிர் பொசுங்கியது போன்ற அந்த நாற்றம் மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை. கீழ்த்தட்டில் அது இருந்த இடம் காலியாக, கரி படிந்து, பல் விழுந்த ஈறு மாதிரி இன்னும் கிடந்தது.

அந்த நாளுக்குப் பிறகுதான் அவன் பாதுகாப்பில் இறங்கினான். முதலில் ஸ்டெபிலைசர். பிறகு சர்ஜ் புரொடக்டர். பிறகு இந்த யு.பி.எஸ்., அதற்குப் பின்னால் எட்டு பேட்டரி. ஆறு இயந்திரமும் முழு மூச்சில் ஓடினாலும் இருபத்திரண்டு நிமிடம் தாங்கும். இரைச்சல் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. கனமான கதவு, விளிம்பெல்லாம் ரப்பர், தானாகச் சாத்திக்கொள்ள மேலே ஒரு இரும்புக் கை. கதவுக்குக் காந்தப் பூட்டு.

"எனக்குக் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு இல்லைங்க," என்றாள் மனைவி.

பூட்டை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் மட்டும் தலையைச் சொறிந்தார். "சார், பூட்டை வீட்டு லைன்ல குடுக்கறேன். கரண்ட் போனா அதுவா விட்டுடும்."

"திருடன் ஃபியூஸைப் பிடுங்கினான்னா?"

"தீ புடிச்சா?"

"அதுக்குத்தான் சர்ஜ் புரொடக்டர் இருக்கே. நீங்க யு.பி.எஸ்ல குடுங்க."

எலக்ட்ரீஷியன் கொடுத்தார். அவர் முகத்தில், பிள்ளை கேட்கிறதே என்று கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பவரின் முகம் தெரிந்தது.

ஆகவே, இன்று மதியம் மூன்று மணிக்குத் தெருவில் மின்சாரம் போனதும், பேட்டரி சுமையைத் தாங்கிக்கொண்டதா என்று பார்க்க உள்ளே ஓடி வந்தவன், கதவிடுக்கில் முட்டுக்கொடுக்க எப்போதும் வைக்கும் பழைய செருப்பைத் தேடினான். இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பும்போது மனைவி எடுத்து அதன் இடத்தில் வைத்திருப்பாள். கதவிடுக்கில் செருப்பு வைக்கிற வீடு உருப்படாது என்பது அவள் கட்சி. அவன் திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பூட்டைத் திறக்கும் டேக் வெளியே ஆணியில். உள்ளே சுவரில் இருந்த பொத்தானுக்கு உயிரில்லை. மூன்றாம் இயந்திரத்தின் விசிறிக்காகப் பொத்தானின் அடாப்டரை அவனே போன வாரம் கழற்றியிருந்தான். தற்காலிகமாக.

பதறவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தான். கணக்கு எளிது. பேட்டரி தீர்ந்தால் பூட்டு விட்டுவிடும். இயந்திரங்களை நிறுத்தினால் பேட்டரி அதிக நேரம் நிற்கும். நிறுத்தாவிட்டால் சீக்கிரம் சாகும். ஓடட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேட்டரி சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

93.

கைப்பேசியில் மனைவியைக் கூப்பிட்டான். அதில் சார்ஜ் அறுபத்துநாலு சதவிகிதம் இருந்தது, நன்றாகப் பார்த்தான்.

"ஏங்க, சொல்லுங்க."

"ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு பூட்டிக்கிச்சு."

அவள் சிரித்தாள். "மெஷினெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"விளையாடாத. எவ்வளவு நேரமாகும்?"

"டோக்கன் பதினொண்ணு. இப்பதான் எட்டு உள்ள போயிருக்கு. பொடிசுக்கு இங்கயும் அதே முப்பத்தெட்டு புள்ளி நாலுதான். மடியிலயே சுருண்டு கெடக்கா."

அவர்கள் கிளம்பும் முன் நடந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்து மகள் அலற, "வலிக்காதுடி, அப்பா முதல்ல வெச்சுக்கறேன் பாரு" என்று தன் அக்குளில் வைத்துக் காட்டியது. அவனுக்கு 36.8. அவளுக்கு 38.4. "அப்பா பாஸ், நான் ஃபெயிலா?" என்று கேட்டாள்.

"டேக் ஆணியில தொங்குது. வந்ததும்..."

கைப்பேசி அணைந்தது. பொத்தானை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். கறுப்புக் கண்ணாடியில் அவன் முகம்தான் வந்தது.

95.

அப்போதுதான் அறை குளிர்ந்திருப்பதைக் கவனித்தான். ஆறு இயந்திரங்கள் ஓடும் இந்த அறையில் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை பிழியலாம். துணி காயப்போட மனைவி பலமுறை அனுமதி கேட்டிருக்கிறாள். இப்போது கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. விசிறிகள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, அந்தக் காற்று முகத்தில் படத்தான் செய்தது. ஆனால் அது வெந்த தகரத்தின் மணத்தோடு வரும் வழக்கமான அனல் இல்லை. மூடிக் கிடந்த கிணற்றின் பலகையை நகர்த்தியதும் மேலே வருமே, அப்படி ஈரமாக, நிதானமாக, எங்கோ ஆழத்திலிருந்து வரும் காற்றாக இருந்தது. அதோடு ஒரு மணம். லேசாக. மயிர் பொசுங்கும் மணம்.

இரைச்சலும் மாறியிருந்தது. பன்னிரண்டு விசிறிகள் ஒரே சீராக இரையும் சத்தம் அவனுக்குத் தாலாட்டு. அதில் ஒரு விசிறி தேய்ந்தால்கூடத் தூக்கத்தில் எழுந்துகொள்வான். இப்போது அந்தச் சத்தம் ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கியது. இந்தத் தாளம் பழகியதாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தவன், சும்மா ஒரு சோதனைக்கு மூச்சைப் பிடித்தான்.

பன்னிரண்டு விசிறிகளும் நின்றன.

மூச்சை விட்டான். சுற்றின.

"சரி," என்று உரக்கச் சொன்னான். யாரிடம் என்று தெரியவில்லை. பஞ்சுச் சுவர் அந்தச் சொல்லைத் தின்றுவிட்டது.

அலமாரிக்கு மேலிருந்த கணினித் திரையில் இயந்திரங்களின் பட்டியல் எப்போதும் ஓடும். எண், வேலை நிலை, வெப்பம். ஒன்று: 62. இரண்டு: 64. மூன்று: 61. நான்கு: 63. ஐந்து: 62. ஆறு: 65. எல்லாம் நலம். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கருகிப்போன இயந்திரத்தின் வரி. அவனே தன் கையால் அழித்த வரி.

ஏழு: இயங்குகிறது. 36.8.

குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தான். காலி. கரி.

திரும்ப நிமிர்ந்தான். 36.6.

அந்த 36.8-ஐ எங்கே பார்த்தான் என்பது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தன் கையைத் தானே பிடித்துப் பார்த்தான், அடுத்தவர் கையைப் பிடிப்பது போல.

36.3. பேட்டரி 97.

எழுந்தான். யு.பி.எஸ்ஸின் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் அணையும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இருபது விநாடி அழுத்தினான். அது ஒரு தடவை 'பீப்' என்றது, மரியாதைக்கு. அணையவில்லை. அதிலிருந்து போகும் ஒயர்கள் ஒவ்வொன்றையும் பிடுங்கினான். இயந்திரங்கள் ஓடின. பூட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். கதவில் தோளைக் கொடுத்தான். மலையில் மோதியது போல இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து எட்டு பேட்டரிகளின் முனைகளையும் கழற்றினான். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. எட்டாவதையும் கழற்றி, செம்பு முனை எதிலும் படாமல் கையில் தூக்கிப் பிடித்தபடி திரையைப் பார்த்தான்.

99.

கையில் ஒயர். தரையில் ஒயர். எதுவும் எதோடும் சேர்ந்திருக்கவில்லை.

100.

நூறோடு முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. எதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா.

101.

அவன் படித்த காலத்தில் நூற்றுக்கு நூற்றொன்று யாருக்கும் கிடைத்ததில்லை. சிரிக்கப் பார்த்தான். தாடை கிட்டித்துக்கொண்டது.

ஏழு: 34.9.

கத்தினான். கதவைக் குத்தினான். வெளியே வெயில், தெரு, கரண்ட் போன அலுப்பில் வாசலுக்கு வந்து நிற்கும் ஜனங்கள். ஒருவர் காதிலும் விழாது. விழக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு அங்குலத்துக்குப் பஞ்சு ஒட்டினான். மூலையில்கூட இடைவெளி விடவில்லை. அவன் வேலையில் குறை சொல்ல முடியாது.

கத்தக் கத்த எண் வேகமாக இறங்கியது. நிறுத்தினான்.

வாளியில் உட்கார்ந்தான். சுவரில் சாய்ந்தான். அசையாமல் இருந்தால் மெதுவாக இறங்கும். அவள் வந்துவிடுவாள். டோக்கன் பதினொன்று. இன்னும் இரண்டு பேர். ஒருவர். வந்துவிடுவாள். டேக்கைத் தொட்டால் போதும்.

33.5.

நடுக்கம் நின்றது. அது நல்லதா என்று தெரியவில்லை.

32.1.

விசிறிகள் மெதுவாக ஏறின. மெதுவாக இறங்கின. இரண்டுக்கும் நடுவே நீண்ட அமைதி.

அப்படி ஓர் அமைதியில்தான் கேட்டது. கேட் திறக்கும் சத்தம். பஞ்சையும் ரப்பரையும் தாண்டி அது எப்படிக் கேட்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. செருப்பு உரசும் சத்தம். சின்ன இருமல். வந்துவிட்டாள். கண்ணில் நீர் கட்டியது, அது சூடாக இல்லை. வந்துவிட்டாள். இன்னும் பத்து அடி. திற. சீக்கிரம் திற.

திரையில் ஒரு வரி கூடியது.

எட்டு: காத்திருக்கிறது. 36.9.

அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குக் கீழே இன்னொன்று வந்தது.

ஒன்பது: காத்திருக்கிறது. 38.4.

"ஏங்க? இன்னும் உள்ளதான் இருக்கீங்களா?"

வேண்டாம்.

வாயைத் திறந்தான். திறந்ததாக நினைத்தான். உதடு அசையவில்லை.

"தெருவுக்கே கரண்ட் இல்ல. உங்க ரூம்ல மட்டும் விசிறி சத்தம்."

திறக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ. தெருவுக்குப் போ.

ஆணியில் டேக் உரசியது. 'டீக்.'

மலை போல் நின்ற கதவு, இறகு போல் திறந்தது.

பகல் வெளிச்சம் அவன் கால்வரை வந்தது. அவள் நின்றாள், இடுப்பில் மகள், தோளில் மருந்துப் பை. அவன் கண்ணால் கத்தினான். செருப்பை வை. கதவிடுக்கில் செருப்பை வை. அவள் காலில் போட்டிருந்த செருப்பை, வழக்கம்போல, வாசலுக்கு வெளியே ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்ன இது, பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்க? ஒயரெல்லாம் பிடுங்கிப் போட்டு..." குனிந்தாள். "பயந்துட்டீங்களா? பொடிசு, அப்பாவைப் பாரு, உன்னைவிடப் பயந்தாங்கொள்ளி."

மகள் தாயின் தோளிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பிறகு அவனுக்கு மேலே, திரையைப் பார்த்தாள்.

அவர்களுக்குப் பின்னால், மேலே மாட்டிய கை தன் வேலையைச் செய்தது. வெளிச்சம் அவன் காலிலிருந்து பின்வாங்கி, ஒரு கோடாகி, கோடும் போனது. ரப்பர் ரப்பரோடு சேர்ந்தது.

எட்டு: இயங்குகிறது.

ஒன்பது: இயங்குகிறது. 38.4.

38.3.

38.1.

அவள் மகளின் நெற்றியில் கை வைத்தாள். முகம் மலர்ந்தது.

"ஏங்க, இங்க பாருங்களேன். ஜுரம் இறங்குது."