நோகாத கால்

வேலைச் சப்பாத்து கழல மறுத்தது. கராஜில் குந்தியிருந்த சுபாங்கன் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். ஏதோ உள்ளே பிடித்திருந்தது. காலை மடித்து அடியைத் திருப்பினான். பலகை அடிக்கிற ஆணி ஒன்று அடித்தோலைத் துளைத்து, தலை மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடந்தது. குறட்டால் பிடித்து இழுத்தபோது எலும்பில் இரும்பு உரசுகிற சின்னச் சத்தம் கேட்டது. காலுறை இரத்தத்தில் ஊறியிருந்தது. நோ இல்லை.

"என்னப்பா, சோறு ஆறுது!" குசினிக்குள்ளிருந்து சந்திரவதனா கூப்பிட்டாள்.

"வாறன், வாறன்."

மனைவியிடம் காட்டினால் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டொக்டர் ஓடாதே என்பார். ஞாயிற்றுக்கிழமை மலையோட்டம். நேரத்துக்குள் வரவில்லையென்று போன இரண்டு வருடமும் அவனைப் பாதியில் மறித்து, நெஞ்சில் குத்திய இலக்கத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வான் வண்டியில் ஏற்றி அனுப்பிய ஓட்டம். போன முறை அவன் அந்த வண்டியிலிருந்து இறங்கியபோது மகள் லக்சிகா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனப்பா பஸ்ஸில வந்தனீங்கள்?" என்று கேட்டிருந்தாள்.

காயத்தைத் துணியால் சுற்றி இறுக்கினான்.

ஏற்றத்தில் அவனுக்குக் குறை இல்லை. நகருக்கு வெளியே வெரிபீயில் எழும்புகிற புதுவீடுகளுக்குக் கொங்கிறீற் போட்டு முறுக்கேறிய தொடைகள். இறக்கத்தில்தான் பிழை வந்தது. வேகத்துக்குப் பயந்து ஒவ்வொரு அடிக்கும் குதியை ஊன்றி மறிப்பான். கூட ஓடுகிற மயூரா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"அண்ணை, கொங்கிறீற் லொறியோ ஓட்டுறியள்? பிறேக்கை விடுங்கோ. கால் தன்ரபாட்டில இடம் பார்த்து வைக்கும்."

போன மாதம் ஒரு பனிக் காலையில் அவன் உண்மையாகவே விட்டான். யூகலிப்டஸ் இலைகளின் மருந்து வாசமும் ஈரக் கருங்கல்லின் இரும்பு வாசமும் மூக்குக்குள் ஒட்டிக்கொள்ள, பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எழும்பி வந்த கற்களை அவன் பார்க்கும் முன்பே கால்கள் பார்த்து, மிதித்து, தாண்டி, அவனை ஒரு மூட்டையைப் போலக் கீழே கொண்டுவந்து சேர்த்தன. விரல்கள் விறைத்திருந்தன. குளிர் என்று நினைத்தான்.

விறைப்பு போகவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் கொஞ்சம் மேலே ஏறியது. குதி, கணுக்கால், முழங்கால். அது ஏற ஏற வேகம் கூடியது. மயூரா இப்போது அவனுக்குப் பின்னால்தான் வந்தாள். பயம் இருந்தது. இன்னும் விறைக்காத இடங்களில் மட்டும் இருந்தது.

காயத்தைக் கட்டி முடித்து, கை கழுவிவிட்டுச் சாப்பிட இருந்தான். நண்டுக் கறி வாசம். தொலைக்காட்சியில் யாரோ காலநிலை சொன்னார்கள். அதற்குக் கீழே, மெதுவாக, ஒரே தாளத்தில், தரையில் எதுவோ தட்டுகிற சத்தம். குளிர்பெட்டியாக்கும் என்று சோற்றைப் பிசைந்தான். சத்தம் நிற்கவில்லை.

லக்சிகா குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள்.

"அம்மா, அப்பா கதிரையில இருந்துகொண்டு ஓடுறார்!"

"சாப்பாட்டு மேசையிலயுமோ? உங்களுக்கு முத்திப் போச்சு," என்றாள் சந்திரவதனா.

அவனும் சிரித்தான். இடது கையால் முழங்காலை அமுக்கினான். அமுக்கிய கையைத் தள்ளிக்கொண்டு அது எழும்பியது. இறங்கியது. எழும்பியது.

ஞாயிறு வெயில் நல்லாக அடித்தது. ஏற்றத்தில் இடுப்பு விறைத்தது. உச்சியில் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் விழுந்தது. விழுந்ததைச் சத்தத்தால்தான் அறிந்தான். இறக்கத்தில் முன்னால் போன ஒவ்வொருவரையும் கால்கள் தாண்டின. அவன் அவற்றின் மேலே இருந்து பார்த்துக்கொண்டு வந்தான்.

முடிவுக் கோட்டுக்கு முன்னால் லக்சிகா கயிற்றுக்குக் கீழாகப் புகுந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். இருவருமாகக் கோட்டைக் கடந்தார்கள். கைதட்டல். சந்திரவதனா போனில் படம் பிடித்தாள்.

"வந்திட்டியள் அண்ணை! காணும், நில்லுங்கோ!" பின்னால் ஓடிவந்த மயூரா கத்தினாள்.

நிற்க நினைத்தான்.

கால்கள் தண்ணீர் மேசையைச் சுற்றின. கார்களைச் சுற்றின. மலைப்பக்கம் திரும்பின.

"அவருக்கு ஓடினது இன்னும் காணாதாம்," யாரோ சிரித்தார்கள்.

மகளின் கையை விடப் பார்த்தான். விரல்கள் எங்கே என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தான். அவளுடைய கையை முழுதாக மூடியிருந்தன.

"கையை இழு. அம்மாட்டப் போ."

நாக்கு தடித்திருந்தது. சொன்னானா, தெரியவில்லை.

கைதட்டல் நின்றது. சந்திரவதனாவின் குரல். மகளின் பெயர். திரும்பத் திரும்ப. பிறகு தூரத்தில். பிறகு காற்று மட்டும்.

ஏற்றம். கல். மகளின் ஒரு செருப்பு கழன்றது. மற்றதும் கழன்றது.

அவள் இழுபடவில்லை. விழவில்லை. அவனுடைய அடிக்கு அடி வைத்து ஓடினாள். மூச்சு வாங்கவில்லை. வெறுங்கால். பின்னால், வெயில் காய்ந்த கருங்கல்லில், சின்னச் சின்னச் சிவப்பு அடிகள்.

அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

"அப்பா, நோகவே இல்லை."