பின்சீட்டுக்குச் சொன்னது

முதல் பதில் வந்தபோது, புருஷன்தான் தன்னைக் கேலி செய்கிறான் என்று அவள் நினைத்தாள்.

சண்டை வந்தால் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் சுவரிடமோ ஃபிரிட்ஜிடமோ சொல்வார்கள். "சாப்பிட வரச் சொல்லு." "பசிக்கலைன்னு சொல்லு." கடலோர ஊருக்குப் போகும் காரில் சுவருக்கு எங்கே போவது? காலையிலிருந்து காலிப் பின்சீட்டைத் தூது விட்டுக்கொண்டு வந்தார்கள்.

சண்டை தையல் மிஷினுக்காக. அவள் தையல்காரி. அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மிஷினைத் தூக்கித் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டான். ஊசிக்கு அடியில் பாதி தைத்த சட்டை ஒன்று இருந்தது, அதையும் சேர்த்துத்தான். "அக்கா கேட்டா, குடுத்தேன்" என்பதோடு அவன் விளக்கம் முடிந்தது. பிறகு என்ன நினைத்தானோ, கடல் பார்க்கப் போகலாம் என்று கிளப்பிவிட்டான். ஒரு மன்னிப்புக்குப் பதில் ஒரு டேங்க் பெட்ரோல். நல்ல மனுஷன்!

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் அவள் முகத்தைப் பார்த்து, "தப்பு என்னுது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவனோடு வீடு திரும்புவாள். சொல்லாவிட்டால் அங்கிருந்தே பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

"மிஷினைத் தூக்கும்போது என் ஞாபகம் வந்துச்சான்னு கேளு," என்றாள், தலையைப் பின்பக்கம் சாய்த்து.

"வரலைன்னு சொல்லு," என்றான் அவன்.

"வரலையாம்."

அவள் சட்டென்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கூத்து வேறா? அவன் உதடுகள் இறுக மூடியிருந்தன. ரேடியோவும் அணைந்துதான் கிடந்தது. பற்றிக்கொண்டு வந்த ஆத்திரத்தில் அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பொழுது சாயச் சாய, இருபுறமும் உப்புப் படிந்த வெற்று நிலம் நீண்டுகொண்டே போக, ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றியே இருக்க, பிழியாமல் சுருட்டி வைத்த ஈரத் துணி நாள்பட்டு நாறுவதைப் போன்ற ஒரு வாடை பின்னாலிருந்து மெல்ல மெல்ல முன்சீட்டுக்கு வந்து, அவள் பிடரியில் குளிர்ந்து உட்கார்ந்தது.

"ஏசியைக் குறைக்கச் சொல்லு."

அவன் உடனே கையை நீட்டவில்லை. ஒரு கணம் கழித்து, யாரோ காதுக்கருகில் குனிந்ததைப் போல அவன் தோள் துள்ளியது. அவசரமாக ஏசியைத் திருகினான். பிறகு காதைத் துடைத்துக்கொண்டு விரல்களைப் பார்த்தான். விரல்கள் நனைந்திருந்தன.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கூண்டு ஏறி இறங்கும் சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்லிவிடுவான். இப்போது தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தே ஓட்டினான். பின்சீட்டில் பெல்ட் மாட்டும் 'க்ளிக்' சத்தம் கேட்டது. வண்டி தடுமாறி நேரானது.

"பின்னாடி பேசாதே," என்றான். அவளிடம்தான், நேராக. "எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசு."

குரல் நடுங்கியது. அவள் காதில் விழுந்ததோ அதிகாரம் மட்டும்தான். மிஷினையும் கொடுப்பானாம், எப்படிப் பேசுவது என்றும் இவனே சொல்வானாம்!

சாலை கடற்கரையில் போய் முடிந்தது. சூரியன் விழுந்து, தண்ணீரில் மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கூப்பிடு தூரத்தில் இரண்டு பேர் படகு கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் இன்ஜினை அணைத்தான். இப்போது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகப் பின்சீட்டையே வெறித்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் வெடித்தது.

"இந்த ஆளைக் கடல்ல போய் விழச் சொல்லு! நானே கூப்பிட்டாலும் திரும்ப வேண்டாம்னு சொல்லு!"

"முதல்ல அவளை வாயை மூடச் சொல்லு!" என்று அவனும் கத்தினான். கத்திய மறுகணம் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

பின்னால் பெல்ட் அவிழ்ந்தது.

அவன் தலை மெல்லச் சாய்ந்தது. எதையோ கவனமாகக் கேட்டான். தலையாட்டினான். கதவைத் திறந்து இறங்கி நடந்தான்.

போனால் போகட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். ரோஷக்காரன், கால் நனைந்தால் திரும்பி வருவான். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. அவனுக்கு நீந்தத் தெரியாது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"என்னங்க! வேண்டாங்க! ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்!"

அவன் திரும்பவில்லை. இடுப்பு வரை தண்ணீர்.

அவள் கீழே பார்த்தாள். ஈர மணலில் அவன் செருப்புத் தடம். அதன் பக்கத்தில் இன்னொன்று. வெறுங்கால்.

அந்தக் கால்தடம் தண்ணீரோரம் வரை போயிருந்தது. அங்கிருந்து திரும்பியிருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க மணல் அமுங்கியது. ஒரு தடம். அடுத்தது. அவளை நோக்கி.

படகுக்காரர்கள்! ஒரு கூச்சல் போதும். ஓடி வருவார்கள், இழுத்துப் போட்டுவிடுவார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

ஈரத் துணி வாடை. காது மடலில் சில்லென்று ஏதோ பட்டது.

"வாயை மூடச் சொன்னார்."

உதடுகள் ஒட்டிக்கொண்டன. விரல்களால் பிய்த்தாள். நகம் கீறி ரத்தம் வந்தது. பிரியவில்லை. தொண்டைக்குள் அவன் பெயர் முட்டி முட்டித் திரும்பியது.

படகுக்காரர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கைகளை வீசினாள். அவனும் சிரித்தபடி கை வீசிவிட்டு, மறுபடியும் குனிந்து படகைக் கழுவினான். அவனுக்குப் பின்னால், அலைக்கு மேலே புருஷனின் தலை மட்டும் தெரிந்தது. அது திரும்பவில்லை.