குரலை மட்டும் தின்ற ஊசி

பழைய இசைத்தட்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் தட்டைப் பார்க்க மாட்டார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். வெயில் விழும் அறையில் வைத்த தட்டு நெளிந்து போயிருக்கும். அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் நானும் மாடி ஜன்னலைத்தான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி இழுத்து அடித்திருந்தது. ஆள் விஷயம் தெரிந்தவர் என்று மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். அந்த சபாஷை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கிக்கொள்வேன்.

கதவைத் திறந்தது மகள். கொண்டையை இறுக்கி முடிந்து, முழங்கை வரை தூசியோடு நின்றாள்.

"வாங்க அக்கா. வீட்டைக் காலி பண்றோம். போற இடத்துல அப்பாவோட தட்டுக்கெல்லாம் இடமில்ல. நீங்களே மொத்தமா பாத்து எடுத்துக்கோங்க."

அவள் அப்பாவின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் குரல் பிறந்ததிலிருந்து தெரியும். வானொலி அறிவிப்பாளர். செய்தி, நாடகம், பாட்டுக்கு முன்னுரை எதுவானாலும் அவர்தான். ஊரே அவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"வாங்க தட்டுக்காரம்மா! காபி சாப்பிடறீங்களா, இல்ல நேரா மாடிக்குப் போயி தூசி சாப்பிடறீங்களா?"

அந்த வயசிலும் குரல் கூடத்தின் நான்கு மூலையையும் தொட்டுத் திரும்பியது. வானொலி நிலையத்தின் ஆண்டு விழாவில் மறுநாள் அவர்தான் பேசப்போகிறாராம். "முட்டி போச்சு, கண்ணு போச்சு. இது மட்டும் போகல பாத்தீங்களா?" என்று தொண்டையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா?

மாடி அறை பட்டப்பகலில் இருட்டிக் கிடந்தது. சுவர் முழுக்கத் தட்டுகள். தூசி வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது, விளக்கெண்ணெய். எனக்கு அது பழக்கமான வாசனைதான். கம்பெனியில் அச்சடிக்காமல், நேராகக் குரலை வெட்டி எடுக்கும் ஒற்றைத் தட்டுகளின் கறுப்புப் பூச்சில் அந்த எண்ணெய் வாடை வரும். ஆனால் இவ்வளவு கனமாக வராது. யாரோ இப்போதுதான் தலைக்குத் தேய்த்துக்கொண்டு இந்த வழியாகப் போனதுபோல் இருந்தது.

மகள் கதவைச் சாத்திவிட்டு, அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள்.

"இது சுவருக்கும் அலமாரிக்கும் நடுவுல செருகியிருந்துச்சு அக்கா. மேல இருக்கறது அம்மாவோட கையெழுத்து."

மாதிரிப் பாட்டு என்று மட்டும் எழுதியிருந்தது.

"அம்மா பாடுவாங்களாம். நான் கைக்குழந்தையா இருந்தப்பவே போயிட்டாங்க. அப்பாதான் நிலையத்து மெஷின்ல இதை எடுத்து ரெக்கார்டு கம்பெனிக்கு அனுப்பினாராம். இது குரலே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் அம்மா பாடவே இல்ல. பேசறதும் நின்னு போச்சாம். அப்படியே படுத்தவங்க எழுந்திரிக்கல." அவள் தட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். "அம்மா குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது அக்கா. ஒரு தடவை கேட்டாப் போதும்."

தட்டை வாங்கிக்கொண்டேன். மார்போடு அணைத்துக்கொண்டேன், பாசத்தால் அல்ல. இந்த மாதிரித் தட்டுக்கு நகல் கிடையாது. உலகத்திலேயே இது ஒன்றுதான். தட்டு சேர்க்கும் எங்கள் ஆட்களிடம் 'ஒன்றுதான்' என்று சொல்லிப் பாருங்கள், பெற்ற பிள்ளையின் பெயர்கூட மறந்துவிடும்.

கையோடு கொண்டு போயிருந்த ரெக்கார்டு பிளேயரை மேஜையில் வைத்து, ஊசியை இறக்கினேன்.

வயலின் வந்தது. புதுத் தட்டுபோல் அத்தனை சுத்தம். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வயலின் முடிந்து பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் இரைச்சல் வந்தது, இரும்புச் சட்டியில் மணலை வறுக்கிற சத்தம். அதற்குள் குரல் என்று எதுவுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி வயலின், பளிங்குபோல். அது முடிந்ததும் மறுபடி மணல்.

மகளின் கை தளர்ந்தது.

"காலம் தின்னுடுச்சும்மா. விட்டுடுங்க."

திரும்பினால் வெண்கலம் வாசற்படியில் நிற்கிறார். முட்டி வலியால் மாடிப் பக்கமே வருவதில்லை என்று மகள் சொல்லியிருந்தாள். எப்போது ஏறினார், எப்படி ஏறினார், எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நான் தட்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வயலின் வரும் வளையங்கள் கறுகறுவென்று மின்னின. நடுவில் அகலமான பட்டைகள் மட்டும் சாம்பல் பூத்திருந்தன. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு எங்கே அந்தப் பழக்கம்?

"காலம் தின்னா வயலினை விட்டுட்டு குரலை மட்டும் தின்னுமா ஐயா?" என்றேன். "இது காலம் தின்னது இல்ல. யாரோ மழுங்கின இரும்பு ஊசியைப் போட்டு, குரல் வர்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்காங்க. வயலின் வந்ததும் தூக்கியிருக்காங்க. குரல் வந்ததும் வெச்சிருக்காங்க. ரொம்பப் பொறுமையான ஆளு."

அவர் என்னைப் பார்க்காமல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி கேக்க வைக்க முடியாதா அக்கா?" என்றாள் மகள்.

முடியும். அதுதான் என் தொழில். தட்டில் இருக்கும் வரி ஒரு பள்ளம். ஒரு ஊசி அந்தப் பள்ளத்தின் சுவரில் ஒரே உயரத்தில்தான் உரசும். அந்த இடம்தான் தேயும். அதற்கு மேலே இருக்கும் சுவர் புதுசாகவே இருக்கும். கொஞ்சம் தடித்த ஊசியைப் போட்டால் அது மேலே நின்று, தேயாத இடத்தில் கிடக்கும் குரலைத் தொட்டு எடுத்துவிடும். இதற்கென்றே நான் பல தடிமனில் ஊசிகள் வைத்திருக்கிறேன்.

"வேண்டாம்மா," என்றார் வெண்கலம்.

அந்த ஒரு சொல்லில் எங்கோ ஒரு கீறல் விழுந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அடுத்த தடிமன் ஊசியைப் போட்டேன். மணலுக்குப் பின்னால், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பாடுவதுபோல் கேட்டது. மகள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அவள் அப்பா இருமத் தொடங்கினார்.

இன்னும் தடித்த ஊசியைப் போட்டேன்.

கதவு திறந்துகொண்டது.

என்ன குரல் அது! அந்தப் பாட்டை நான் அதற்கு முன் எங்கும் கேட்டதில்லை. ஆயிரம் பாட்டுக் கேட்டு மரத்துப்போன காது என்னுடையது, ஆனாலும் நின்ற இடத்தில் அழுதுவிட்டேன். மகள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுழலும் தட்டையே பார்த்தாள். விளக்கெண்ணெய் வாசனை மூக்கை அடைத்தது.

அப்போதுதான் ஜன்னலைக் கவனித்தேன்.

பாடுகிறவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் கறுப்புத் துணி அறைக்குள் உப்பியது. பாடும்போது போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் சாத்தியே இருந்தது.

"நிறுத்துங்க," என்றார் அவர். பாதிச் சொல்தான் வெளியே வந்தது. மீதி காற்று.

"நிறுத்தாதீங்க அக்கா," என்றாள் மகள்.

பாட்டு முடிந்தது. ஊசி கடைசி வளையத்துக்கு வந்துவிட்டது. எதுவும் பதியாத வெற்று வளையம் அது. ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நான் கண்ணைத் துடைத்தேன்.

"அனுப்பினீங்களா?"

தட்டிலிருந்துதான் வந்தது. அதே குரல். பாடவில்லை, பேசியது.

"அனுப்பினீங்களா?"

ஒரு சுற்றுக்கு ஒரு தடவை.

"அனுப்பினீங்களா?"

ஊசியைப் பிடுங்கினேன்.

குரல் நிற்கவில்லை.

வெண்கலம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "அனுப்பினேன். அவங்கதான் வேண்டாம்னு..." ஒவ்வொரு சொல்லும் முந்தின சொல்லைவிடத் தேய்ந்து வந்தது. அந்தக் குரல் மறுபடி கேட்டது. "அனுப்பினேன்னு சொல்றேனே!" என்று கத்தப் பார்த்தார். ஈரத் துணியைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வந்தது.

மகள் அவர் முன்னால் போய் நின்றாள். "அப்பா. உண்மையைச் சொல்லுங்க."

"அனுப்பல." நான் குனிந்து உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "நாந்தான் தேய்ச்சேன். நிராகரிச்சுட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன். அவ குரல் வெளிய வந்தா என்னை யாரு கேப்பாங்க? ஒரே உறையில ரெண்டு கத்தி..."

அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. உள்ளேயிருந்து மணல் வறுபடும் சத்தம் வந்தது.

உண்மையைச் சொன்னால் பாடியவள் விட்டுவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். விடவில்லை. மின்சார வயரை நான் பிடுங்கிய பிறகும் தட்டு சுழன்றது. பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அவர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முழுப் பாட்டையும் அவர் கேட்டு முடித்த பிறகுதான் ஜன்னல் துணி அடங்கியது.

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கு விட்டுப் பார்த்து, குரல் நாண்கள் தேய்ந்திருப்பதாகச் சொன்னார். எப்படித் தேயும் என்று எங்களையே திருப்பிக் கேட்டார். ஆண்டு விழாவுக்கு ஆள் வர முடியாததால் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைப் போடலாம் என்று நிலையத்தில் எடுத்திருக்கிறார்கள். ஒன்றிலும் அவர் இல்லை. நாடகத்தில் மற்றவர்கள் பேசுகிறார்கள், அவர் பேச வேண்டிய இடத்தில் இரைச்சல். பேட்டி எடுத்திருக்கிறார், பதில் இருக்கிறது, கேள்வி இல்லை. ஒரு மனிதனை இதைவிடச் சுத்தமாகத் துடைக்க முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. நன்றாக வேணும் என்றும் இருந்தது.

மகள் தட்டை என்னிடமே கொடுத்தாள். பழைய பாட்டுகளைத் தேடி வெளியிடும் கம்பெனி ஒன்று எனக்குத் தெரியும். பிரதி எடுத்து அவர்களுக்கு அனுப்பச் சொன்னாள். "அம்மா குரலை ஊரே கேக்கணும் அக்கா. அம்மா ஆசைப்பட்டது அது ஒண்ணுதானே." தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

பிரதி எடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் பிரதி எடுத்துவிட்டால் அது ஒன்று அல்ல, இரண்டு. அனுப்பிவிட்டால் கண்ட கழுதையும் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும். இப்போது அது என் கடை அலமாரியில், என் சாவிக்குள் இருக்கிறது. கடையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு தனியாகக் கேட்கிறேன். அவள் எனக்கு மட்டும் பாடுகிறாள். நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டு நாளாகத் தொண்டை கொஞ்சம் கரகரப்பு. தூசியில் புழங்குகிறவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று வெந்நீர் குடித்தேன்.

இன்று காலை மகள் போன் செய்தாள்.

"அக்கா, அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்மா," என்றேன். பொய்தான். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.



"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. அனுப்பிட்டேன்னு சொன்னேன்."

"அக்கா, நீங்க பேசறது எதுவுமே கேக்கல. மணலை வறுக்கற மாதிரி சத்தம் வருது." கொஞ்சம் நிறுத்தினாள். அவள் குரல் மாறியது. "அக்கா... பின்னால யாரு பாடறது?"