பெரியப்பா, போனை வைங்க

மௌஸின் இடது பொத்தான் விரலோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. மணிவேல் அதைக் கவிழ்த்து, அடிமூடியைத் திருகி, உள்ளேயிருந்த ரப்பர் உருண்டையை உள்ளங்கையில் தட்டினான். வழக்கமாகச் சேரும் சாம்பல்நிற அழுக்கு இல்லை. வெள்ளையாக, ஈரமாக, நகத்தில் அப்பிக்கொள்கிற வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தது. அந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர் ஒருவர்தான். அவர் மத்தியானமே இறந்துபோயிருந்தார்.

இவ்வளவு நேரம் காயாத சுண்ணாம்பும் இருக்கும்போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, பனியனில் துடைத்து, உருண்டையைத் திரும்பப் போட்டான்.

பெரியப்பா சகாதேவன் போய்விட்டது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அப்பா, அம்மா, மணிவேல். விடிந்தால் அவன் தங்கை தேவிப்ரியாவுக்குக் கல்யாணம். சாவு வெளியே தெரிந்தால் தீட்டு. ஏற்கெனவே ஒருமுறை நின்றுபோன கல்யாணம் அது. இன்னொருமுறை நின்றால் அடுத்த மாப்பிள்ளை வருவதற்குள் மலையே தேய்ந்துவிடும். அலறப்போன அம்மாவின் வாயில் அப்பா தன் தோள்துண்டை வைத்து அமுக்கினார். மண்டபத்தில் ஜூஸ் போட வாங்கிய ஐஸ் கட்டிகளில் பாதி பின்னறைக்கு வந்தது. தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. வாய் திறந்துகொள்ளாதபடி தாடையையும் கட்டவில்லை. யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கேட்ட சொந்தக்காரர்களிடம், பிரஷர் ஜாஸ்தி, மாத்திரை போட்டுத் தூங்குகிறார் என்று சொல்லப்பட்டது. இப்படி ஊருக்கெல்லாம் மறைத்த விஷயத்தைப் பெரியப்பாவுக்கும் யாரும் சொல்லவில்லை.

"தாலி ஏறுற வரைக்கும் அழுதுடாதடா. வெளிய ஒரு சத்தம் கேட்டாலும் உன் தங்கச்சி வாழ்க்கை போச்சு," என்று சொல்லி, பின்னறையை வெளியே பூட்டிச் சாவியை மணிவேலிடம் கொடுத்துவிட்டு, அப்பா எல்லாரையும் வேனில் ஏற்றி வரவேற்புக்குக் கிளம்பினார்.

அவனுக்கு இரண்டு வேலை. ஒன்று, காவல். இன்னொன்று, மஸ்கட்டில் இருக்கிற பெரியப்பாவின் மகன் காசிக்குத் தகவல் சொல்வது. கொள்ளி வைக்க மகன் வந்தாகவேண்டும். வீட்டு போனில் ஐ.எஸ்.டி. கிடையாது. தெருமுனை பூத்தில் பேசினால், பூத்துக்காரர் மீதிச் சில்லறை தருவதற்குள் செய்தி கிரிவலம் சுற்றி வந்துவிடும். ஆகவே மெயில்.

ஜன்னலுக்கு வெளியே மலை இருட்டத் தொடங்கியிருந்தது. கிரிவலப் பாதையில் நடக்கிறவர்களின் முணுமுணுப்பும், தூரத்தில் ஒரு பஸ்ஸின் ஹாரனும், பின்னறைக் கதவிடுக்கில் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தமும், அம்மா எதற்கோ பயந்து அளவுக்கு மீறிப் போட்டுவிட்டுப் போன சாம்பிராணிப் புகையும், அதற்கடியில் மல்லிகையா வேறெதுவுமா என்று பிரிக்க முடியாத ஒரு வாசனையும் கூடத்தில் சேர்ந்திருக்க, மோடம் மட்டும் கழுத்து நெரிபட்ட கோழி மாதிரி கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைந்தது. மெயில் பக்கம் மேலிருந்து கீழே ஒரு விரற்கடை இறங்கி நின்றது. பிறகு இணைப்பு அறுந்தது.

ஒயரைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினான். ஃபேனை நிறுத்தினான். படங்கள் வராதபடி அமைத்தான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். ஒவ்வொரு முறையும் இணைந்தது, ஊர்ந்தது, அறுந்தது. மௌஸ் மறுபடி ஒட்டியது. எரிச்சலில், இத்தனை வருஷப் பழக்கத்தில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினான்.

"பெரியப்பா, போனை வைங்க. நெட்ல இருக்கேன்."

பின்னறையில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

பக்கம் சரசரவென்று இறங்கியது. 'உங்கப்பா போயிட்டார், யாருக்கும் போன் பண்ணாதே, உடனே கிளம்பு' என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்த வரிகளை ஒட்டி, அனுப்பு என்பதை அழுத்தினான். போய்விட்டது. அதன்பிறகுதான் தான் என்ன கத்தினோம் என்பது அவன் முதுகில் ஏறியது.

அந்த அறையில், கட்டிலை ஒட்டி, இதே லைனில் இன்னொரு போன் இருந்தது. பெரியப்பா அதை எடுத்தால் நெட் படுத்துவிடும். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறான்.

இணைப்பு அறுந்தது.

கூடத்து போனின் மணி லேசாக முனகியது. டிங். டிங். அந்தப் பக்கம் யாராவது எண்களைச் சுழற்றினால் இந்தப் பக்கம் அப்படித்தான் முனகும். நீளமான எண். டிங். டிங். மணிவேல் எழவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதனாலேயே எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முனகல் நின்றது. மறுபடி இணைத்தான். காசியிடமிருந்து பதில் வந்திருந்தது.

'இன்னாடா விளையாட்டு இது? இப்பதான் அப்பா போன் பண்ணார். ரூம்ல வெச்சு வெளிய பூட்டிட்டீங்களாமே. ரொம்பக் குளுருதாம். கல்யாணத்துக்குப் போணும்னு உக்காந்துனுகீறார். கதவத் தொற, மணி.'

ஐஸ் சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

கதவு தட்டப்பட்டது. உள்ளிருந்து. மெதுவாக. பெரியமனுஷத் தட்டல்.

"மணி. கதவத் தொறடா. பொண்ண ஆசீர்வாதம் பண்ணணும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. தான் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. ஒரு ஒப்பாரி போதும், தெரிந்துவிடும், திரும்பப் படுத்துவிடுவார். மணிவேல் அழ வாயைத் திறந்தான். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஆராயி அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுவர் ஒன்றுதான் நடுவே. தங்கை கழுத்தை நினைத்தான். விழுங்கினான்.

"இதோ தொறக்கறேன் பெரியப்பா."

பெரியப்பா வேட்டி மாற்றியிருந்தார். திருநீறு பூசியிருந்தார். மணிவேலின் பைக் பின்சீட்டில் கனமில்லாமல் உட்கார்ந்தார். செங்கம் ரோடு முழுக்க மணிவேலின் முதுகு நனைந்துகொண்டே வந்தது. அதில் மூச்சு மட்டும் படவில்லை.

மண்டபத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிரஷர் எறங்கிடுச்சா என்று விசாரித்தார்கள். அப்பா தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். யாரும் அழவில்லை. வீடியோக்காரன் விளக்கை மேடைப் பக்கம் திருப்பினான்.

தேவிப்ரியா குனிந்து காலைத் தொட்டாள். பெரியப்பா அவள் தலையில் கை வைத்தார். போட்டோ எடுத்தார்கள். இன்னொன்று எடுத்தார்கள்.

"போதும் பெரியப்பா," என்று அவள் குனிந்தபடியே சிரித்தாள்.

கை எழவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பூவுக்குள். முடிக்குள்.

"பெரியப்பா, விடுங்க. வலிக்குது."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். யாரோ அட்சதை தூவினார்கள். அவர் முகம் அவளைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. கட்டாத வாய் மட்டும், மெல்ல, திறந்துகொண்டே போனது.